தொட்டி நீரின் பக்குவம்

தோல் முதுகு வைத்துத் தைத்த 19ஆம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றைப் பழைய நூலகத்தில் எடுத்து அட்டையைத் திறந்தால், முதல் பக்கத்துக்கு முன்பே ஒரு வண்ணத்தாள் கண்ணில் படும். சிவப்பும் நீலமும் மஞ்சளும் சுழித்து, சீப்பால் வாரிய வரிகளாக இறங்கியிருக்கும். மார்பிள் காகிதம் என்பார்கள். பார்ப்பவர்களில் பலர் அதை அச்சு என்றே நினைத்துப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். குழகுழப்பான நீர் நிறைந்த ஒரு தொட்டியின் மேற்பரப்பில் மிதந்த வண்ணத்தை, ஒரே ஒரு முறை தொட்டு எடுத்த தாள் அது. அச்சாக அதே தாள் உலகில் இன்னொன்று கிடையாது.

இந்தக் கலை எங்கே தோன்றியது, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பது பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். ரோசமண்ட் லோரிங் 1942இல் வெளியிட்ட நூலும், ஹார்வர்டின் மருத்துவ நூலகத்தில் அரிய நூல்களைக் கவனித்துவந்த ரிச்சர்ட் உல்ஃப் 1990இல் வெளியிட்ட பெரிய வரலாறும் இத்துறைக்கு அடிப்படை. லோரிங் தாமே அலங்காரத் தாள்கள் செய்தவர். உல்ஃபும் தொட்டியில் கை வைத்துப் பழகியவர். அதனால் இருவர் எழுத்திலும் தொழிலின் வாசனை உண்டு. ஆனால் பரவலாகச் சொல்லப்படும் கதை ஏறக்குறைய இப்படிப் போகிறது: ஜப்பானில் ஒரு மரபு தனியாக இருந்தது, துருக்கியில் இன்னொன்று வளர்ந்தது, அதை ஐரோப்பியர்கள் கற்று விரிவாக்கினார்கள், இயந்திரம் வந்ததும் எல்லாம் வாடியது. இந்தக் கதையில் இந்தியா ஓர் அடிக்குறிப்பாக வரும். பல நேரம் அதுவும் வராது. வண்ணத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்து வரலாறு எழுதுவதால் வருகிற குறை இது என்பது என் எண்ணம். தொட்டிக்குள் இருந்த நீரைப் பின்தொடர்ந்து போனால் கதை வேறாகிறது. அந்த நீரின் பக்குவம் தெரிந்தவர்களிடம்தான் கலை இருந்தது. பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்த இடத்தில் அது பிழைத்தது. மறைத்துவைத்த இடத்தில் அறுந்தது.

முதலில் வேலை நடக்கும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். துருக்கியில் பழைய முறை மாறாமல் செய்பவர்கள் கித்ரே என்னும் பிசினைத்தான் ஊறவைக்கிறார்கள். ஈரான், துருக்கி மேட்டுநிலங்களில் வளரும் ஒரு முட்செடியைக் கீறினால் வடிந்து உறைவது அது. ஊறி உப்பியதைக் கையால் பிசைந்து கரைத்து, துணியில் இரண்டு மூன்று தடவை வடிகட்டி, கட்டி இல்லாத பசைநீராக்குகிறார்கள். ஆறிய சோற்றுக் கஞ்சியின் பதம் இருக்க வேண்டும். காகிதத்தைவிடச் சற்றே பெரிய, ஆழம் குறைந்த செவ்வகத் தொட்டியில் அதை ஊற்றி, குமிழெல்லாம் அடங்கும்வரை விட்டுவைக்கிறார்கள்.

வண்ணம் கரையக்கூடியதாக இருக்கக் கூடாது. கரைகிற சாயம் நீரோடு கலந்து காணாமல் போய்விடும். மண் நிறமிகள், விளக்குக் கரி, அவுரி போன்ற கரையாத பொடிகளைச் சலவைக்கல்லின் மேல் கற்குழவியால் மணிக்கணக்கில் அரைக்கிறார்கள். துருக்கியக் கலைஞர்கள் மிகவும் மதிக்கும் நீலத்துக்கு லாகூர் அவுரி என்றே பெயர். அரைத்த விழுதில் நீர் விட்டு, மாட்டுப் பித்தநீரைச் சில துளிகள் சேர்க்கிறார்கள். தொழிலின் உயிர்நாடி இந்தத் துளிகளில் இருக்கிறது. பித்தம் சேராத வண்ணம் பசைநீரில் விழுந்தால் புள்ளியாக நின்று, பிறகு மூழ்கிவிடும். பித்தத்தில் உள்ள உப்புகள் பரப்பு இழுவிசையைத் தளர்த்துபவை. நம் குடலில் கொழுப்பை உடைத்துப் பரப்புவதும் அவைதான். பித்தம் கலந்த துளி மேற்பரப்பில் பட்ட உடனே வட்டமாக விரிகிறது. அடுத்து விழும் துளி இதன் மேல் ஏறிக் கலப்பதில்லை. இதை ஒதுக்கித் தள்ளித் தனக்கு இடம் செய்துகொள்கிறது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே எல்லைக்கோடு அழியாமல் நிற்பது இதனால்தான். முதல் வண்ணத்துக்குக் கொஞ்சம் பித்தம் போதும். பின்னால் வருபவை முன்னே இருப்பவற்றைத் தள்ளியாக வேண்டும் என்பதால் படிப்படியாகக் கூடுதல் பித்தம் வேண்டும். அளவு மிஞ்சினால் ஒரே துளி தொட்டி முழுக்கப் பரவி, மற்ற எல்லா நிறத்தையும் ஓரத்தில் நெருக்கி, தானும் வெளிறிப் போகும்.

தூரிகையை ரோஜாக் குச்சியில் குதிரைமயிர் கட்டிச் செய்கிறார்கள். ஒரு கையில் அதைப் பிடித்து, மறு கையின் விரலில் தட்டினால் வண்ணம் சிறு துளிகளாகத் தெறிக்கும். அப்படித் தெறித்ததை அப்படியே எடுத்தால் கல்லின் மேற்பரப்பு போன்ற அடிப்படை வகை. துருக்கியர் அதை பத்தால் என்பார்கள். மெல்லிய குச்சியால் முன்னும் பின்னும் இழுத்தால் இன்னொரு வகை. பிறகு ஊசிகள் வரிசையாகப் பதித்த சீப்பால் வாரினால் வேறொன்று. வட்டவட்டமாகச் சுழித்தால் புல்புல் கூடு. எதைச் செய்தாலும் கடைசிக் கட்டம் ஒன்றுதான். படிகார நீர் தடவி உலர்த்திய தாளை ஒரு மூலையிலிருந்து தொடங்கி மெல்லச் சாய்த்துப் படியவிட வேண்டும். நடுவில் கை தயங்கினால் தாளில் அந்த இடத்தில் ஒரு கோடு விழும். அடியில் காற்று சிக்கினால் வெள்ளைத் திட்டு விழும். சில விநாடிகள் கழித்து, தொட்டியின் விளிம்பில் உரசியபடி இழுத்து எடுத்தால், மிஞ்சிய பசைநீர் வழிந்துவிடும், வண்ணம் தாளில் நிற்கும். படிகாரத்தின் அலுமினியம் நிறமியைக் காகித இழையோடு பிணைத்துவிடுகிறது. அடுத்த தாளுக்கு முன், செய்தித்தாள் துண்டு ஒன்றால் மேற்பரப்பை வழித்து, படிந்த ஆடையை நீக்க வேண்டும்.

இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் சில நாள் தாள் சரியாக வராது. அறையின் சூடு, காற்றின் ஈரம், தூசி, பசைநீர் புளிக்கத் தொடங்கிய நேரம் எல்லாமே வண்ணத்தின் நடத்தையை மாற்றிவிடும். எப்போது நீர் விடலாம், எப்போது பித்தம் கூட்டலாம் என்பதைத் துளி விரியும் வேகத்தைப் பார்த்தே முடிவு செய்கிறார்கள். அடிப்படைத் தாள்களைச் சரியாகச் செய்யவே குறைந்தது இரண்டாண்டுப் பயிற்சி வேண்டும் என்று, 2014இல் துருக்கியின் எப்ரு கலையை மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபோது யுனெஸ்கோ குறிப்பிட்டது. புத்தகத்தில் எழுத முடியாத பகுதி இவ்வளவு பெரியது.

மிதக்கும் வண்ணம் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்து சீனத்தில் இருக்கிறது. சூ யிஜியன் என்ற அறிஞர் 10ஆம் நூற்றாண்டின் இறுதியில், எழுதுகோல், மை, காகிதம், மைக்கல் ஆகிய நான்கையும் பற்றித் தொகுத்த நூலில், ஓடுமணல் காகிதம் என்ற ஒன்றை விவரிக்கிறார். ஒரு மரத்தின் காய்களிலிருந்து எடுத்த பசையில் நேர்வாள எண்ணெய் கலந்து நீர் விட்டு, அதன் மேல் மையையும் வண்ணத்தையும் மிதக்கவிடுகிறார்கள். இஞ்சி சேர்த்தால் வண்ணம் சிதறும். தலைவாரும் தூரிகையைத் தட்டிப் பொடுகு விழச் செய்தால் வண்ணம் கூடும். அருவருப்பாகத் தோன்றலாம், ஆனால் இதில் ஒரு தேர்ந்த கவனிப்பு இருக்கிறது. எந்தப் பொருள் வண்ணத்தை விரிக்கும், எது சுருக்கும் என்று யாரோ பொறுமையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பித்தநீர் செய்யும் வேலையை அவர்கள் இஞ்சியிடம் வாங்கியிருக்கிறார்கள்.

ஜப்பானின் சுமிநாகாஷி இன்னும் எளிமையானது. பசை கிடையாது, படிகாரம் கிடையாது, வெறும் நீர். ஒரு தூரிகையில் மை, இன்னொன்றில் மையை விலக்கும் பொருள். இரண்டின் நுனியையும் ஒரே புள்ளியில் மாறி மாறித் தொட்டால் வளையத்துக்குள் வளையமாக விரியும். விசிறியால் காற்றை அசைத்தால் வளையங்கள் நெளியும். நீருக்கு அடர்த்தி இல்லாததால் சீப்பு போட முடியாது. காற்றை மட்டும் நம்பிச் செய்கிற கலை. கியோத்தோவின் நிஷி ஹோங்கான்ஜி கோயிலில் இருக்கும், 1112 வாக்கில் உருவான முப்பத்தாறு கவிஞர்களின் தொகைநூலில் இத்தகைய தாள்கள் உள்ளன. எச்சிசென் பகுதியின் ஹிரோபா குடும்பம் 1151 முதல் இதைச் செய்துவருவதாகத் தன் மரபைச் சொல்கிறது. தந்தையிடமிருந்து மகனுக்கு என்று ஒரே வீட்டில் இவ்வளவு நீண்ட காலம் ஓடிய கைத்தொழில்கள் உலகில் குறைவு. சீனத்திலிருந்தோ ஜப்பானிலிருந்தோ இது மத்திய ஆசியா வழியாக மேற்கே போனது என்று சொல்வது எளிது. ஆனால் இரண்டையும் இணைக்கும் தாளோ குறிப்போ நடுவில் இல்லை.

மேற்கு ஆசிய மரபின் முதல் உறுதியான தடயம் கிடைப்பது, யாரும் எதிர்பாராத ஓர் இடத்தில்: மத்திய இந்தியாவின் மாண்டுவில். குரோனோஸ் என்ற தனியார் தொகுப்பில் உள்ள, அப்ரி எனப்படும் மார்பிள் தாள்களில் ஒன்றின் பின்புறம், இவை அரியவை என்றும், ஈரானிலிருந்து வந்த பரிசுகளில் சேர்ந்தவை என்றும், மால்வா சுல்தான் கியாத் ஷாவின் நூலகத்துக்குள் 1496இல் வந்தவை என்றும் எழுதியிருக்கிறது. அதில் உள்ள வடிவம் எளிய துளிகள்தான், சீப்பு வேலை ஒன்றும் இல்லை. சமையல் குறிப்புகளுக்கும் ஓவியங்களுக்கும் புகழ்பெற்ற நிமத்நாமா எழுதப்பட்டதும் இதே சுல்தானுக்காகத்தான். புதிய பக்குவங்களில் மனம் வைத்த ஓர் அரண்மனை இந்தத் தாளை அரியது என்று குறித்து வைத்ததில் ஆச்சரியம் இல்லை.

அடுத்த நூறாண்டில் தக்காணம் இந்தக் கலையை எடுத்துக்கொண்டது. ஈரானிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீர் முகம்மது தாஹிர் என்பவரே 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வண்ணத்தை இழுத்தும் வாரியும் வடிவமாக்கும் முறையை வளர்த்தார் என்று இத்துறை ஆய்வாளர் ஜேக் பென்சன் வாதிடுகிறார். இது சரியானால், உலகம் துருக்கியுடையது என்று நினைக்கிற வடிவங்கள் பலவற்றின் வேர் இந்திய மண்ணில் இருக்கிறது. இங்கே தொட்டியில் இருந்தது கித்ரே பிசின் மட்டும் அல்ல. பாரசீக, இந்தியக் குறிப்புகள் வெந்தயத்தைச் சொல்கின்றன. ஊறிய வெந்தயம் விடும் வழவழப்பு நம் சமையலறைக்குத் தெரிந்ததுதான். அதையே நீர் விட்டு வடிகட்டி எடுத்தால், வண்ணம் மூழ்காமல் தாங்கும் அடர்த்தி கிடைக்கிறது.

பிஜப்பூரில் நடந்தது வேறெங்கும் நடக்காதது. மற்ற எல்லா நாடுகளிலும் மார்பிள் தாள் எழுத்துக்கு ஓரமாக, புத்தகத்துக்கு உறையாக, ஓவியத்துக்குச் சட்டமாக இருந்தது. இரண்டாம் இப்ராஹிம் ஆதில் ஷாவின் காலத்திலும் (1580 முதல் 1627 வரை ஆண்டவர்) அதைத் தொடர்ந்தும் பிஜப்பூர்ப் பட்டறைகளில் மார்பிளே ஓவியத்தின் உடலாயிற்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் ஒரு சிறு படம் இருக்கிறது. எலும்பு துருத்திய மெலிந்த குதிரை, அதன் மேல் ஒரு மனிதன். குதிரையின் உடம்பு முழுக்க மார்பிள். விலா எலும்புகளை யாரும் வரையவில்லை. வாரிய வண்ணத்தின் நெளிவுகளே விலாவாகவும் தோல் சுருக்கமாகவும் படிந்திருக்கின்றன. சூஃபி மரபில் பட்டினி போட்டு அடக்கிய குதிரை அடங்கிய ஆசைக்கு அடையாளம். நிலையில்லாத நீரிலிருந்து எடுத்த வண்ணத்தால் அந்த உடம்பைச் செய்ய முடிவெடுத்தவர் கைத்திறன் மட்டும் உடையவராக இருந்திருக்க முடியாது.

இதைச் செய்யும் முறை கடினம். குதிரை வரவேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைத்து, மற்ற இடமெல்லாம் பிசின் பூசியோ வெட்டுத்தாள் வைத்தோ மூட வேண்டும். பிறகு தாளைத் தொட்டியில் படியவிட்டு எடுத்து, மறைப்பைக் கழுவ வேண்டும். பின்புலமும் மார்பிளாக வேண்டுமென்றால், காய்ந்த குதிரையை மூடி, வேறு வண்ணம் போட்ட தொட்டியில் மறுபடி இறக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முன்பு எடுத்த வேலை அழிந்துபோகும் ஆபத்து உண்டு. முகம், கை, மீசை, கடிவாளம் ஆகியவற்றை மட்டும் கடைசியில் மெல்லிய தூரிகையால் தீட்டியிருக்கிறார்கள். 1686இல் ஔரங்கசீப் பிஜப்பூரைப் பிடித்தபின் இந்த வகை ஓவியம் ஓய்ந்தது. பட்டறை கலைந்தது, பக்குவம் கைமாறவில்லை. பின்னர் மூன்று நூற்றாண்டுகள் எப்படிச் செய்தார்கள் என்பதே கேள்வியாக நின்றது.

இஸ்தான்புல்லில் கதை நல்லபடியாகத் தொடர்ந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே எப்ரு பற்றி ஒரு கையேடு எழுதப்பட்டது. 18ஆம் நூற்றாண்டில் ஹாகியா சோபியாவின் பிரசங்கியாக இருந்த மெஹ்மத் எஃபெந்தி, துளிக்குள் துளி வைத்து, ஊசி நுனியால் நான்கு பக்கமும் இழுத்து, பூப்போன்ற வடிவங்களை உண்டாக்கினார். இன்றும் அந்த வகை அவர் பதவியின் பெயரால் ஹதிப் எப்ரு என்றே வழங்குகிறது. 1773இல் தன் வீட்டில் பற்றிய தீயில் அவர் இறந்தார். அவருடைய முறை அவரோடு எரிந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஐரோப்பாவுக்குப் போனது முதலில் தாள், பிறகு பேச்சு, மிகப் பிந்தித்தான் பக்குவம். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் இஸ்தான்புல் போய்வந்த ஜெர்மானியப் பயணிகள் நண்பர்களின் கையெழுத்து வாங்கும் ஏடுகளில் இத்தாள்களைச் சேர்த்துத் தைத்தார்கள். பிரான்சிஸ் பேகன் 1627இல் வெளியான நூலில் இதைக் குறிப்பிடுகிறார். அத்தனாசியஸ் கிர்கெர் 1646இல் செய்முறையை விவரித்தார். ஜான் ஈவ்லின் 1662இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இது பற்றிச் சொன்னார். அறிஞர்கள் எழுதிவிட்டார்கள் என்றாலும், அதைப் படித்து யாரும் நல்ல தாள் செய்துவிட முடியவில்லை. பிரான்சிலும் ஜெர்மனியிலும் செய்யத் தெரிந்த பட்டறைகள் தங்கள் பக்குவத்தைப் பூட்டி வைத்தன. இங்கிலாந்தில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்த மறைப்பு உச்சத்தில் இருந்தது. முதலாளிகள் வேலையாட்களுக்கு நடுவே பலகைத் தடுப்பு வைத்தார்கள் என்றும், ஒருவருக்கு அரைக்கவும் இன்னொருவருக்குத் தெளிக்கவும் மட்டும் கற்றுக்கொடுத்து முழு முறை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் தொழில் வட்டாரத்தில் சொல்லப்பட்டது.

மறைப்பதற்கு ஒரு வணிகக் காரணமும் இருந்தது. ஒரே மாதிரி இன்னொன்று செய்ய முடியாத தாள், போலியைத் தடுக்கும் கருவி. அமெரிக்கக் காலனிகளின் மாநாடு 1775 மே 10ஆம் தேதியிட்டு வெளியிட்ட 20 டாலர் நோட்டின் ஓரத்தில் மார்பிள் வண்ணம் இருந்தது. அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தவர் பெஞ்சமின் பிராங்க்ளின். பெரிய கணக்குப் பேரேடுகளின் மூன்று விளிம்புகளையும் தொட்டியில் தொட்டு எடுத்ததும் இதே நோக்கில்தான். நடுவில் ஒரு தாளைக் கிழித்தால் விளிம்பின் வரி அறுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இலக்கியத்திலும் இது ஒரு முறை பெரிய வேலை செய்தது. லாரன்ஸ் ஸ்டெர்ன் 1761இல் வெளியிட்ட டிரிஸ்ட்ரம் ஷாண்டி நாவலின் மூன்றாம் தொகுதியில் 169ஆம் பக்கத்தில் எழுத்து கிடையாது, மார்பிள் மட்டும். அதுவும் அச்சடித்த படம் அல்ல. ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தாளை எடுத்து, ஓரங்களை மடக்கி மறைத்து, எழுத்து வரவேண்டிய செவ்வகத்தை மட்டும் தொட்டியில் தொட்டு, காய்ந்தபின் மறுபக்கத்தையும் அப்படியே செய்து, நூலுக்குள் சேர்த்தார்கள். எந்த இரண்டு வாசகர் கையிலும் அந்தப் பக்கம் ஒன்றாக இல்லை. பின்னர் வந்த பதிப்புகள் பல அதைக் கறுப்பு வெள்ளைப் படமாக அச்சடித்து, ஸ்டெர்ன் சொல்ல வந்ததையே எடுத்துவிட்டன.

இந்தப் பூட்டை உடைத்தவர் சார்லஸ் உல்னோ. மார்பிள் தொழிலில் உழன்ற அவர் 1853இல் முழு முறையையும், உண்மையான தாள் மாதிரிகளோடு, நூலாக வெளியிட்டார். தொழிலில் இருந்த மற்றவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் சொல்லும் தொட்டிப் பொருள்களைப் பார்த்தால் ஐரோப்பா எவ்வளவு தேடியிருக்கிறது என்பது தெரியும்: கித்ரே பிசின், இசப்கோல் இனத்து விதை, ஆளிவிதை, கடற்பாசி. 1885இல் புதாபெஸ்ட் நகரத்துப் புத்தகக் கட்டுநர் யோசெஃப் ஹால்ஃபர் ஒரு படி மேலே போனார். எந்த நிறமி எந்தப் பசையில் எப்படி நடக்கிறது, பித்தம் ஏன் வேலை செய்கிறது, பசைநீர் கெடாமல் எப்படிக் காப்பது என்றெல்லாம் ஆய்வக ஒழுங்கோடு சோதித்து எழுதினார். அயர்லாந்துக் கடற்கரைகளில் கிடைக்கும் செம்பாசியைக் காய்ச்சி எடுக்கும் காரகீனன் இன்று உலகெங்கும் தொட்டிகளில் இருப்பதற்கு அவர் உழைப்பு ஒரு முக்கியக் காரணம். இருவர் நூலும் வந்த நேரத்தில் துணி அட்டையும் அச்சடித்த போலி மார்பிளும் சந்தையைப் பிடித்திருந்தன. இன்னும் நூறாண்டு முன்னால் யாராவது இப்படித் திறந்து எழுதியிருந்தால் வேலை தெரிந்த கைகள் பல மடங்கு இருந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. ரகசியம் காத்த பட்டறைகள் மூடியபோது கற்றுக்கொடுக்க ஆள் இல்லை.

இஸ்தான்புல்லுக்கு வந்த சோதனை இதைவிடப் பெரியது. 1928இல் துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு லத்தீன் எழுத்துக்கு மாறியது. கையெழுத்துக் கலைஞர், கட்டுநர், ஓரம் தீட்டுவோர் எல்லோருக்கும் ஒரே ஆண்டில் வேலை போயிற்று. எப்ரு அவர்களை நம்பி வாழ்ந்த கலை. ஆயினும் அது அறவில்லை. உஸ்குதார் பகுதியில் இருந்த உஸ்பெக் சூஃபி மடத்தின் சாதிக் எஃபெந்தி புகாராவில் கற்றுவந்ததைத் தன் மகன் எத்ஹெமுக்குக் கொடுத்திருந்தார். 1904இல் இறந்த எத்ஹெமிடம் கற்றவர் நெஜ்மெத்தின் ஓக்யாய். இமாம், கையெழுத்துக் கலைஞர், கட்டுநர், வில்லாளி, ரோஜா வளர்ப்பவர் என்று பல திறமை கொண்ட மனிதர். துலிப், கார்னேஷன் பூக்களை உருவம் தெரியும்படி நீரில் எழுப்பும் முறையை அவர்தான் நிலைநிறுத்தினார். கையெழுத்துக் கலைஞர் பள்ளியிலும் பின்னர் நுண்கலைக் கழகத்திலும் பிறருக்குக் கற்பித்தார். அவருடைய உறவினர் முஸ்தபா துஸ்குன்மன் உஸ்குதாரில் நாட்டு மருந்துக் கடை நடத்தியவர். கடையில் மூலிகை விற்றுக்கொண்டே, 1990இல் இறக்கும்வரை எப்ரு செய்தார், வந்தவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். இன்று துருக்கியில் எப்ரு செய்யும் ஆயிரக்கணக்கானவர்களில் பெரும்பாலோர் தங்கள் குருபரம்பரையை அந்தக் கடைவரை கொண்டுபோக முடியும். வாங்குவோர் ஏறக்குறைய யாரும் இல்லாத அறுபது ஆண்டுகளை அந்தக் கலை கடந்தது, கற்க வந்தவரிடம் எதையும் மறைக்காத சில மனிதர்களால்.

இப்போதைய நிலை கலவையானது. அக்ரிலிக் வண்ணமும் மீதைல் செல்லுலோஸ் பொடியும் வந்தபின் அரைப்பதும் ஊறவைப்பதும் தேவையில்லை என்றாயிற்று. துருக்கியின் கரிப் ஆய் 2016இல் கறுப்பு நீரின் மேல் வான்கோவின் நட்சத்திர இரவை வரைந்த காணொளி உலகெங்கும் பரவியது. அதைப் பார்த்து இந்தக் கலைக்கு வந்தவர்கள் ஏராளம். ஆப்ரி ஜாஃபர் உள்ளிட்டோர் ஒவ்வொரு துளியையும் ஒவ்வொரு சீப்பு இழுப்பையும் கணிதச் சமன்பாடாக எழுதி, கணினியில் மார்பிள் வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள். இவற்றை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. ஆனால் பொடி கலந்து அரைமணியில் செய்யும் தாளுக்கும் கித்ரேயில் எடுத்த தாளுக்கும் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். முதலாவதில் நிறம் பிளாஸ்டிக் படலமாக மேலே நிற்கும். இரண்டாவதில் மண் நிறமி காகிதத்துக்குள் இறங்கி, மங்கிய ஒளியோடு இருக்கும். மேலே எழுதலாம், மை ஊறும். எழுத்தைத் தாங்கத்தான் இந்தத் தாள் பிறந்தது.

நம் பக்கத்திலும் இதைக் கையால் செய்யும் இடங்கள் உண்டு. புதுச்சேரியில் 1959இல் தொடங்கிய ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமக் கைத்தாள் ஆலையில் பருத்தித் துணிக் கழிவிலிருந்து தாள் செய்து அதில் மார்பிள் போடுகிறார்கள். ராஜஸ்தானின் சாங்கனேரிலும் கைத்தாள்கள் மார்பிளாகி வெளிநாடு போகின்றன. ராமநாதபுரம் கடலோரத்தில் மூங்கில் மிதவைகளில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசியிலிருந்தும் காரகீனன் எடுக்கிறார்கள் என்பதால், தொட்டிப் பொருள் நம் வாசலிலேயே இருக்கிறதே என்று தோன்றலாம். அப்படி இல்லை. அந்தப் பாசி தருவது உறைந்து கட்டியாகும் கப்பா வகை. மார்பிளுக்கு வேண்டியது உறையாமல் குழகுழப்பாகவே நிற்கும் லாம்டா வகை. அது வேறு பாசிகளிலிருந்து வருகிறது.

நம்மிடம் உண்மையாகவே இருப்பது வெந்தயம். பிஜப்பூர் ஓவிய முறையைச் செய்துபார்த்து மீட்க முயன்றவர்களில் முன்னோடி, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டோபர் வைமன். அருங்காட்சியகப் படங்களை உற்றுப்பார்த்து, மறைப்பு வைத்து, பல தொட்டிகளில் இறக்கிச் சோதித்தார். 1988இல், 42 வயதிலேயே, இறந்தார். அவர் விட்ட இடத்திலிருந்து எடுக்க வேண்டிய வேலை இந்தியாவில் நடப்பதே முறை. எவ்வளவு வெந்தயத்துக்கு எவ்வளவு நீர், எத்தனை மணி ஊறல், கிணற்று நீரின் உப்பு வண்ணத்தை என்ன செய்கிறது, நம் வெயிலில் பசைநீர் எத்தனை நாள் புளிக்காமல் நிற்கும், பிசின் மறைப்பு எத்தனை முறை நனைவதைத் தாங்கும் என்ற கேள்விகளுக்கெல்லாம் செய்துபார்த்துத்தான் விடை எழுத முடியும். அதற்கு ஒரு கைத்தாள் பட்டறையும் ஒரு வேதியியல் ஆய்வகமும் சேர்ந்து உட்கார வேண்டும், முடிவுகளை உல்னோ செய்ததுபோல் தாள் மாதிரிகளோடு எல்லோருக்கும் வெளியிட வேண்டும். புதுச்சேரியில் இரண்டும் இருக்கின்றன.